பியானோவுக்குப் பூசிய கிரீஸ்

என் சித்தி கல்கத்தாவிலும் பம்பாயிலும் பெரிய மேடைகளில் பியானோ வாசித்தவள். அவளிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்றைக்கும் ஊர் ஊராக இருக்கிறார்கள். இந்தப் பெருமைக்கெல்லாம் யார் காரணம் என்று பேச்சு வந்தால் வீட்டில் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒரு டப்பா கிரீஸ். அதில் பாதியைப் பூசியது நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரே தகரக் கூரையின் கீழ் எங்கள் குடும்பமும் சித்தப்பாவும் சித்தியும் இருந்தோம். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்பா குமாஸ்தா, சித்தப்பா கப்பல் பட்டறையில் மெக்கானிக். சித்தி மெட்ராஸ்காரி. கான்வென்டில் பியானோ படித்து, கல்யாணத்துக்கு முன்பே இரண்டு கச்சேரி செய்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அந்தமானில் வேலை என்றதும் அவள் வீட்டில் சிலர் அழுதார்களாம். என்ன குற்றம் செய்தான் என்று விசாரித்தவர்களும் உண்டாம்.

வந்த புதிதில் சித்தி சாப்பாட்டு மேஜையிலேயே விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பாள். சித்தப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு பியானோ கிளப்பில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆறு மாதம் கழற்றி மாட்டிப் பேச வைத்தார். கரையான் ஏறாமலிருக்க அதன் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய பால் டப்பாக்களில் நிறுத்தினோம். மரம் ஈரத்தில் ஊதாமலிருக்க உள்ளே எப்போதும் ஒரு பல்பு எரியும். எங்கள் ஊரில் துணி அலமாரிக்கே பல்பு போடுவார்கள், பியானோவுக்குப் போட்டால் என்ன? அக்கம்பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளும் நானும் சித்தியிடம் கற்றுக்கொண்டோம். நான்தான் கடைசி மாணவி, எல்லா விதத்திலும்.

இப்படி இருக்கையில் ஒரு கடிதம் வந்தது. கல்கத்தாவில் சங்கீதப் பள்ளி நடத்தும் வங்காளி அம்மாள் ஒருத்தி கப்பலில் வருகிறாள். சித்தி வாசிப்பதைக் கேட்பாள். பிடித்துப்போனால் இரண்டு வருஷம் தன்னோடு வைத்துக்கொண்டு மேடையேற்றுவாள். சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டு வருஷம் மெயின்லேண்டுல போய் இருந்தா, இவனுக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்று அப்பா கேட்டார்.

"போயிட்டு வரட்டும்ண்ணே. கையில வித்தை இருக்குல்லா?" என்றார் சித்தப்பா.

இப்படி ஒரு புருஷன் இந்தத் தீவிலேயே கிடையாது என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பாவின் காதில் விழும்படியாக.

கப்பல் வந்த அன்று காலை சித்தி வங்காளி அம்மாளை அழைத்துவரக் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போனாள். அப்பாவும் அம்மாவும்கூடப் போனார்கள். கப்பல் நாளில் ஊரே அங்கேதான் இருக்கும். காய்ச்சல் வந்து எழுந்தவள் என்று என்னை மட்டும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.

"ஏட்டி, உன் கைதான் சின்னது. உள்ள விட்டு நல்லாப் பூசு. உப்புக் காத்துல இரும்பெல்லாம் ஜங்கு புடிச்சிரும்."

கம்பிகளைத் தட்டும் குட்டிச் சுத்தியல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் கம்பளி சுற்றியிருந்தது.

"இந்தக் கம்பளியிலயுமா சித்தப்பா?"

"அதுலதான் நெறைய."

குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் ஒன்று விடாமல் பூசினேன். சித்தியிடம் சொல்லாதே, அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சித்தி பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்து முதல் கட்டையை அழுத்தினாள். போர்வைக்குள் யாரோ இருமியதுபோல ஒரு சத்தம் வந்தது. அழுத்திய கட்டை மேலே எழும்பவில்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை. வலது கை அமுக்கிய கட்டைகளை இடது கை கிள்ளித் தூக்கிவிட, சமயத்தில் மூக்கால் வாசித்துவிடுவாளோ என்று பயப்படும்படி குனிந்து, வியர்த்து வழிய இருபது நிமிஷம் வாசித்தாள். பியானோ கச்சேரியையே பார்த்திராத ஜனங்கள் இதுதான் முறை என்று பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். "சத்தம் வராம வாசிக்கிறதுதான் கஷ்டமாம்," என்று அம்மா பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினாள். "பஹுத் அச்சா," என்றாள் அந்தத் தெலுங்குக்காரி. முடிந்ததும் கைதட்டல் தகரக் கூரையை அதிரவைத்தது.

வங்காளி அம்மாள் எழுந்து போய் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். கை கறுப்பாக வந்தது. "யே க்யா ஹை?"

"கிரீஸ்ஜி," என்றார் சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு.

பாதி நான் பூசியது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் முந்திக்கொண்டு சொன்னேன்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சித்தியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, உன் விரலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட பியானோவில் நடுவே எழுந்து ஓடாதவள் எந்த மேடையிலும் ஓடமாட்டாள், புறப்பட்டு வா என்றாளாம். அப்பாதான் எங்களுக்குச் சொன்னார்.

அடுத்த கப்பலில் சித்தி கிளம்பினாள். கிரீஸ் போட்டுப் பெண்டாட்டியை வழியனுப்புகிற ஆள் என்று ஜெட்டியில் எல்லாரும் சித்தப்பாவைக் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"கம்பளியில பூசச் சொன்னது யாருடி?"

"சித்தப்பாதான். அதுலதான் நெறையப் பூசச் சொன்னாங்க," என்றேன் பெருமையாக.

சித்தி அவரைப் பார்த்தாள். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நின்னுருவியே," என்றார் சித்தப்பா.

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. சித்திக்குப் போக மனமில்லை என்றால் வீட்டுக்கு வரவேண்டியதுதானே, இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் குறை என் வேலையில்தான் என்று தோன்றியது. சித்தியின் கையைப் பிடித்து, "அழாதீங்க சித்தி, அடுத்த தடவை இன்னும் நெறையப் பூசிருதேன்," என்று வாக்குக் கொடுத்தேன்.