வெடிச்சத்தத்துக்கு வரும் பன்றிகள்

காட்டுப்பன்றி அரசாங்கத்துக்குச் சொந்தம், அது தின்கிற மக்காச்சோளம் விவசாயிக்குச் சொந்தம், நடுவில் விழுகிற திட்டு மட்டும் வனக்காவலருக்குச் சொந்தம். ஊர்க்காரரிடமும் மேலதிகாரியிடமும் ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

எல்லோர் கையிலும் செல்போன் வராத அந்த வருஷங்களில் நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காவலராக இருந்தேன். காடு என்பது பேருக்குத்தான். சீமைக்கருவேல முள், நடுநடுவே பட்டாசுக் கம்பெனி, மிச்ச இடத்தில் சோளம்.

என்ன கேஸ்?

மாரியம்மாள் அக்காவுக்குப் பகலில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடித்ததும் பன்றிகள் வந்துவிட்டன. பன்றிக்குக் கண் சுமார்தான், ஆனால் மூக்கு பிரமாதம். கதிரைத் தின்றதோடு விடாமல், மூக்காலேயே மண்ணைப் புரட்டிக் கோரைக்கிழங்கும் தேடியிருந்தது. வயலின் ஒரு மூலை உழுது போட்ட மாதிரி கிடந்தது.

மோட்டார் ரூமில் அவர் கணவர் ஒரு சுருள் கம்பி வாங்கி வைத்திருந்தார். எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. வயலைச் சுற்றிக் கட்டிக் கரண்ட் கொடுத்தால் பன்றி சாகும். விடியுமுன் அந்த வரப்பு வழியாகத்தான் ஊர்ப் பெண்கள் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவார்கள். கம்பியைக் கட்டினால் கேஸ், ஜெயில் என்று கத்தினேன். மாரியம்மாள் நிதானமாகக் கேட்டார்: "சரி சார், பன்னி மேல என்ன கேஸ் போடுவீக?"

செருப்புக்குத் தடை

அன்றிலிருந்து விடியற்காலையில் வீட்டுப் போன் அடித்தாலே எனக்குக் கம்பி ஞாபகம்தான். ஒருநாள் அப்படி அடித்தபோது, போச்சு, கம்பியில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் எடுத்தேன். பேசியவர் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன். முதுகில் அணில் மாதிரி கோடு போட்ட ஏதோ விநோத மிருகம் கூட்டமாக வந்திருக்கிறதாம்.

போய்ப் பார்த்தால், கம்பெனி வேலியோரப் புதரில் ஒரு தாய்ப்பன்றி புல்லையும் சருகையும் குவித்து மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது. அந்தக் கோடு குட்டியில் மட்டும் இருக்கும், வளர வளர மறைந்துவிடும் என்று விளக்கினேன். குட்டிகளுக்குப் பக்கத்தில் யாராவது போனால் தாய் பாய்ந்து வரும், தொந்தரவு செய்யாமல் விட்டால் குட்டிகளை அதுவே நடத்திக் கூட்டிப்போய்விடும் என்றேன். போர்மேனுக்கு மனசு ஆறவில்லை. உரசி ஒரு பொறி பறந்தால் போதும் என்று, வெடிமருந்து அறைப் பக்கம் செருப்புக்காலோடு யாரையும் விடாத மனிதர் அவர். தாய்ப்பன்றியின் குளம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்: "எல்லாஞ் சரி சார், உள்ள செருப்பு போட்டு நடக்கக்கூடாதுன்னு அதுகிட்ட யாரு சொல்லுறது?"

முடி வைத்தியம்

கம்பிக்குப் பதிலாக நான் ஏதாவது வழி சொல்லியாக வேண்டுமே. சலூனில் வெட்டிப்போட்ட முடியை வரப்பில் தூவினால், மண்ணை மோந்துகொண்டு வரும் பன்றியின் மூக்கில் ஏறி உறுத்தும், திரும்பிவிடும் என்பார்கள். நானே சாக்கில் அள்ளிக்கொண்டு போய்த் தூவினேன். சில நாள் பன்றி வரவில்லை. மாரியம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு ஒரு மழை. முடியெல்லாம் சேற்றோடு சேர்ந்துவிட்டது. சேறு கிடைத்த சந்தோஷத்தில் பன்றிகள் வரப்போரத்திலேயே புரண்டு குளித்துவிட்டுப் போயிருந்தன.

மறுபடியும் சாக்கோடு சலூனுக்குப் போனேன். சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்: "ஊருல இருக்குறதே இம்புட்டுத் தலைதான் சார். பன்னிக்காக ஆளுகள வாரம் ஒருக்கா மொட்டை போடச் சொல்லவா?"

வேட்டு

அடுத்து மாரியம்மாளே ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டாசு ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? வேலை முடிந்து வந்ததும் வயலில் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பன்றி குறையவில்லை. முன்னைவிடச் சீக்கிரமாக, பொழுது சாயும்போதே வர ஆரம்பித்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பெனியில் தினமும் வேலை முடிகிற நேரத்தில் புதுச் சரக்கை வெடித்துச் சோதிப்பார்கள். பிறகு வேன்கள் கிளம்பும், ஆள் நடமாட்டம் ஓயும், பன்றிகள் முள்ளுக்குள்ளிருந்து வெளியே வரும். பிறந்ததிலிருந்து அவை கண்டது அதுதான். வெடித்தால் மனிதர்கள் போய்விடுவார்கள். மாரியம்மாளும் அப்படித்தானே, வெடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்! விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அடப்பாவி, மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டு போட்ட கணக்கா நானேல்ல அதுகள வரவேத்திருக்கேன்!"

காயின் போன்

அதற்கப்புறம் என்னிடம் சொல்ல வழி எதுவும் இல்லை. பாதி வயல் போய்விட்டது. அந்த வாரமே விடியற்காலையில் போன் அடித்தது. வேன் நிற்கிற டீக்கடை காயின் போனிலிருந்து மாரியம்மாள். "சார், வயலுக்கு வாங்க" என்றார், போனை வைத்துவிட்டார். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, சேலை கிழிந்திருந்தது. முதல் நாள் இரவு, அவருக்குத் தெரியாமல் கணவர் கம்பியைக் கட்டி ஸ்விட்சையும் போட்டுவிட்டார். வேனுக்கு ஓடிய மாரியம்மாள் இருட்டில் அந்தக் கம்பியிலேயே விழுந்திருக்கிறார். அந்த நேரம் மின்வெட்டு. எழுந்த கையோடு ஸ்விட்சை அணைத்து, கம்பியை அறுத்துச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். கேஸ், ஜெயில் எல்லாம் மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுருளை என் கையில் கொடுத்தார்: "பன்னி கம்பிக்கு அடியில நுழைஞ்சு போயிருக்கு, அங்கன தடம் கிடக்கு பாருங்க. நாந்தான் தடுக்கி விழுந்தேன். கரண்டு மட்டும் இருந்திருந்தா உங்களுக்கு வேற யாராச்சும் போன் பண்ணியிருப்பாக சார்."

மின்வெட்டு வந்தால் ஊரே கரண்டு ஆபீசைத் திட்டும்போது, வாயை மூடிக்கொண்டு விசிறியை எடுத்து வீசிக்கொள்கிற ஒரே ஆள் இன்றைக்கும் நான்தான்.