உள்ளே இருந்த மாஸ்டர்

"உங்கட உடம்புக்கே உங்களைத் தெரியாதோ, ரீச்சர்?"

முன்பொருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி புனிதவதி ரீச்சரிடம் கேட்ட கேள்வி இது. அடுத்த வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. போன கிழமை வந்த ஓர் அழைப்பிலிருந்து அது என் காதை விட்டுப் போகவில்லை.

அன்று நாரந்தனையில் வீட்டில் இருந்தபோது என் கைத்தொலைபேசியில் அவருடைய பெயர் விழுந்தது. "சொல்லுங்கோ ரீச்சர்" என்றேன். பேசியது அவருடைய தங்கை: "அக்கா விடிய ஆஸ்பத்திரியிலை கண்ணை மூடிட்டா, மாஸ்டர்."

புங்குடுதீவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவு, இன்சுலின் ஊசி. பிள்ளையின் கேள்விக்கு அவர் கோபிக்கவில்லை. கிருமியைக் கொல்ல வேண்டிய கலங்கள், அதாவது இரத்தத்தில் ஓடும் வெள்ளைச் செல்கள், தன் கணையமாகிய சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களைக் கொன்றுவிட்டன என்றார். "அப்பிடி ஆள் மாறி அடிக்கிற கலங்கள் எல்லாருக்குள்ளையும் கொஞ்சம் இருக்கு. 'விடு, அது எங்கட ஆள்' எண்டு மறிக்கிறதுக்கெண்டே வேறை கலங்களும் இருக்கு. எனக்குள்ளை மறிச்சவையின்ரை சொல் எடுபடேல்லை."

வகுப்பு முடிந்த பிறகு நான் அவருக்கு ஓர் உதாரணம் சொன்னேன். கனடாவிலிருந்து வரும் வீட்டுக்காரரைப் பார்த்தே படலை வாசலில் நாய் குரைக்கும். உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தால்தான் அடங்கும். ரீச்சர் சிரித்தார். "எங்கட ஒழுங்கையிலை குரல் குடுக்க ஆர் இருக்கினம், மாஸ்டர்?" அவர் வீட்டைத் தவிர அந்தச் சிறு தெருவில் எல்லாம் பூட்டிய வீடுகள்.

ஒருநாள் அவர் பள்ளிக்கூடம் வரவில்லை. மத்தியானம் தேடிப் போனேன். விறாந்தைக் கதிரையில் இருந்தார். சேலை வியர்வையில் நனைந்திருந்தது.

"நீர் ஆர்?" என்றார்.

என்னை எப்போதும் 'நீங்கள்' என்பவர்; ஒருநாளும் 'நீர்' என்று சொல்லாதவர். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. இன்னும் இறங்கினால் மயங்கிவிடுவார். பிறகு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. குசினிக்கு ஓடிச் சீனித்தண்ணீர் கலக்கி வந்தேன். தட்டிவிட்டார். "நான்தான், மாஸ்டர்" என்றேன்.

"மாஸ்டர் உள்ளுக்கை இருக்கிறார். அவரின்ரை குரலிலை கதையாதையும்."

அவர் கண்கள் என்னைத் தாண்டி அறை வாசலில் நின்றன. நானும் திரும்பிப் பார்த்தேன். அறைக்குள் ஒரு கதிரை மட்டும், வாசலைப் பார்த்தபடி. காற்றில்லாத மத்தியானம், திரைச்சீலை அசைந்துகொண்டிருந்தது.

வாதாட நேரமில்லை. மறுபடி கலக்கி வந்து, "உள்ளுக்கை இருக்கிற மாஸ்டர்தான் குடுத்துவிட்டவர். குடிக்கட்டாம்" என்றேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

கால்மணி நேரத்துக்குப் பிறகு, "எப்ப வந்தனீங்கள், மாஸ்டர்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அறை வாசலைப் பார்த்தார். "அப்ப நானும் எங்கட ஆளைத்தான் துரத்தியிருக்கிறன்." பிறகு சிரித்தார். "உள்ளுக்கை இருந்தவர் நல்லவர். சண்டை பிடியாமல் அடக்கிப்போட்டார்."

மறிக்கும் கலங்களைப் பெருக்கி உடம்புக்குள் திருப்பி விட்டுப் பார்க்கிறார்களாம் என்று எங்கோ வாசித்ததை அவர் சொன்னதும் அன்றுதான். "எனக்குப் பிந்திப்போச்சு. பிள்ளையளுக்கு அந்த வைத்தியம் வரட்டும்."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு 'நீர்'. இன்றும் யாராவது என்னை அப்படி அழைத்தால், பதில் சொல்லுமுன் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு, என்னை அறியாமலே, எனக்குப் பின்னால் இருக்கும் அறையையும்.

உங்கள் வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர் இருந்தால், சீனி இறங்கும்போது தன் பேச்சில் முதலில் மாறுவது எது என்று, அவர் சுகமாக இருக்கும் நேரத்தில் கேட்டு, எழுதி, அலுமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.