கழுதையால் என்ன பயன்?

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டியது நான்தான். கிழிக்க விரும்புகிறவர்கள் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

இன்று காலை என் கழுதையை மாட்டு வைத்தியர் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துறைமுக வீதியில் யாரோ கைவிட்டுப் போக, குளம்பு வளைந்து, எழும்ப முடியாமல் கிடந்த அதே கழுதைதான். அன்று அதை லொறியில் தூக்கி ஏற்ற ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். இன்று சந்தை வழியாகத் தன் காலாலேயே நடந்து வந்தது. முதுகுப் புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. அதற்குத்தான் மருந்து.

வழியில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். "டீச்சர், பள்ளிக்கூடத்தில சேர்க்கவோ?"

"ஓம். நீங்கள் விட்டுட்டுப் போன இடம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு."

கந்தோரில் கிளாக்கர் படிவத்தை எடுத்தார்.

"பால் தருமோ?"

"இல்லை."

"உழுமோ?"

"இல்லை."

"வண்டில் இழுக்குமோ?"

"இனி இழுக்க விடமாட்டன்."

"அப்ப 'பயன்' எண்ட இடத்தில நான் என்னத்தை எழுதுறது? அதை நிரப்பாமல் மருந்து தர ஏலாது, டீச்சர்."

"'நிற்கும்' எண்டு எழுதுங்கோ."

அவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கழுதை நான்கு காலையும் ஊன்றி நின்றது. படிவத்தில் அதையே எழுதினார். மருந்து கிடைத்தது.

கழுதையால் என்ன பயன் என்று இன்னும் கேட்கிறவர்களுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் பயனை எழுதுங்கள்.