கடை இல்லாத தொப்பை

விருதுநகர் பஜாரில் ஒரே மூச்சில் நாற்பது பரோட்டா தின்ற ஆள் நான்.

பொய். பதினாறு. அதிலும் கடைசி ரெண்டை வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணெயில் பொரித்த பரோட்டாவா, வேட்டியில் வட்டம் வட்டமாக ரெண்டு கறை விழுந்து, எத்தனை வெளுப்பு வெளுத்தும் போகவில்லை. நான் யாரிடமாவது நாற்பது என்று ஆரம்பித்தால் என் மனைவி உள்ளே போய் அந்த வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து உதறிக் காட்டுவாள்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் தொப்பை என்பது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. மழை கிடையாது. கரிசலில் கம்பும் குதிரைவாலியும் வந்தால் வந்தது. ஊரில் எல்லாரும் விறகுக்கட்டை அவிழ்த்துச் சாத்தி வைத்த மாதிரி இருப்பார்கள். தொப்பை வைத்திருந்தவர்கள் விருதுநகரில் வத்தல் மண்டி, எண்ணெய் மண்டி வைத்திருந்தவர்கள் மட்டும். அவர்கள் தொப்பைக்குப் பின்னால் ஒரு கடை இருக்கும், கடைக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கி இருக்கும். என் தொப்பைக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன்.

பஸ்ஸில் முதுகுப் பக்கமிருந்து, "மொதலாளி, செத்தத் தள்ளி உக்காருங்க" என்பார்கள். நான் திரும்புவேன். அழுக்குச் சட்டையையும், அலுமினியப் பொடி ஏறி ஈயம் பூசினது போலிருக்கும் கையையும் பார்த்ததும், "ஏலே, தள்ளி உக்காரு" என்பார்கள். தொப்பைக்குக் கிடைத்த மரியாதை மூஞ்சிக்கு வந்து சேருவதற்குள் செத்துப்போகும்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் மருந்து ரூமில் எனக்கு வேலை. மருந்து என்றால் குடிக்கிற மருந்து இல்லை, வெடிமருந்து. ரூமுக்கு நாலு பேர், எதிரெதிராக ரெண்டு வாசல். ஒரு வாசல் பக்கம் என் அண்ணன் மனைவியும் ஒரு பெரியவரும் உட்காருவார்கள். மதினிக்கு நாக்கில் எப்போதும் மிளகாய்ப்பொடி. இன்னொரு வாசலை ஒட்டி நான், எனக்கு உள்பக்கம் என் மனைவி. புஸ்வாணத்துக்கு அட்டைக் கூடு அவள் எடுத்துத் தர, மருந்தை அதில் செலுத்துவது நான்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு ஒரு மாதம் கம்பெனி மூடிக் கிடந்தது. அந்த மாதம் முழுக்க என் உடம்பில் வேலை செய்த உறுப்பு தாடை ஒன்றுதான். திறந்த முதல் நாள், மருந்து உள்ளே வருமுன், போர்மேன் எல்லா ரூமுக்கும் ஓட்டம் வைப்பார். அவர் கையைத் தட்டினால், போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். அவர் ஒன்று, ரெண்டு என்று எண்ணுவார்.

தட்டினார். மதினியும் பெரியவரும் 'ரெண்டு'க்கு வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் சம்மணத்தைப் பிரித்து, கையை ஊன்றி, முட்டியைக் கெஞ்சி எழுப்பி, வாசலை நோக்கித் திரும்பியபோது 'அஞ்சு' கேட்டது. நான் வாசலுக்குள் நுழைந்ததும் ரூம் இருட்டிவிட்டது என்று என் மனைவி பிறகு சொன்னாள். அவள் என் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றாள். நான் இறங்கி, அவள் இறங்கியபோது 'ஏழு'.

மதினி அங்கிருந்தே கேட்டாள். "என்ன கொளுந்தனாரே, அங்கன வாசலுக்குப் புதுசாக் கதவு போட்டிருக்காகளோன்னு பாத்தேன். நீகதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். போர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினார்.

"ஏலே, மருந்து ஏளு வரைக்கும் எண்ணாதுலே."

"அண்ணாச்சி, நான் உள்ள உக்காந்துக்கிறேன். அவ வாசலுக்கு வரட்டும். அம்புட்டுத்தான, முடிஞ்சு போச்சுல்ல?" என்றேன். என் மூளையை நினைத்து எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

"நீ உள்ள இருந்தா நீ சாவ. அது ஒன் பாடு. ஆனா அந்தப் பிள்ள வெளிய ஓடாது. ஒன்னையத் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?"

நான் சிரித்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததெல்லாம், நான் சட்டிக்குள் கையை விடுகிறேனா என்று பார்க்கத்தான். போர்மேனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

"பங்குனிப் பொங்கலுக்குள்ள ரெண்டு பேரும் மூணுல வெளிய நிக்கணும். இல்லைன்னா நீ பெட்டி ஒட்டப் போ. அது வரைக்கும் அந்தப் பிள்ள வாசல்ல, நீ உள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி ஒட்டுவது என்றால் பாவாடை கட்டிய சிறுமிகளுக்கு நடுவில் பசைச் சட்டியோடு உட்கார வேண்டும். எனக்குப் பயம் அதுதான். பின்னால் மாட்டிக்கொண்டு நின்றவளை நான் அன்று நினைக்கவே இல்லை. தொப்பைக்குத் தன் மானம் மட்டும்தான் தெரிந்தது.

என் மனைவி என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் ஒரு நர்சம்மா. ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

"மூணு கும்பா" என்றேன்.

கும்பா என்றால் நாங்கள் சோறு தின்னும் வெண்கலக் கிண்ணம். என்னுடையதில் ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். நான் தின்றது ஒன்றரைக் கும்பா. மூன்று என்று சொன்னால் அந்த அம்மா பாதி தின்னச் சொல்லும், பாதி ஒன்றரை, ஆக ஒரு பருக்கை குறையாது. பஸ்ஸில் வரும்போதே போட்டு வைத்த கணக்கு.

"பொய் சொல்றாக, சிஸ்டர். ஒண்ணரைக் கும்பாதான்" என்றாள் என் மனைவி.

"அப்ப முக்கால் கும்பா சாப்பிடுங்க" என்றார் நர்சம்மா. "மூணுன்னு எதுக்குச் சொன்னீக?"

"ஆஸ்பத்திரியாச்சே, ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

ஒரு சீட்டில் என்னவோ எழுதியும் கொடுத்தார். வெடிப்பெட்டி லேபிளில் கொட்டை எழுத்தாக இருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கோழி கிளறின எழுத்தெல்லாம் எனக்கு ஆகாது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முக்கால் கும்பா குதிரைவாலிச் சோறு முன்னால் வந்தது. கும்பாவின் உள்பக்கச் சுவர் தெரிந்தது. அதில் சுற்றிலும் ஒரு பூவேலை இருக்கிறது. ஆறு வருஷமாக அதில் தின்கிறேன், அன்றுதான் அந்தப் பூவைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அதைவிட அசிங்கமான பூ உலகத்தில் கிடையாது.

நாலு நாள் புலம்பினேன். டீக்கடையில் வேலைவெட்டி இல்லாதவன் எல்லாம் எனக்கு வைத்தியம் சொன்னான். ஒருவன் கொள்ளு தின்னச் சொன்னான். கொள்ளு தின்கிற குதிரைக்கு வண்டி இழுக்கிற வேலை இருக்கிறது, எனக்கு உட்கார்ந்து கூடு அடைக்கிற வேலை. இதைச் சொன்னால் அவனுக்கு ஏறவில்லை. இன்னொருவன் வெந்நீர் குடி என்றான். அவன் பிறந்ததிலிருந்தே ஈர்க்குச்சி.

ஐந்தாம் நாள் என் மனைவி, "சரி, பொலம்பாதீக, பளையபடி நெறையாப் போடுறேன்" என்றாள். போட்டாள். கும்பாவுக்கு மேலே அம்பாரமாகச் சோறு. கத்திரிக்காய்க் குழம்பு. பூ மறைந்துவிட்டது. நான் வாரி வாரித் தின்று, ஒரு ஏப்பமும் விட்டேன். தெருவில் போன நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் அடியில் கிடந்த சோற்றை வழிக்கக் கையை விட்டால், விரலில் வழுவழு என்று ஒரு மொட்டைத்தலை தட்டுப்பட்டது.

சிரட்டை. நாரெல்லாம் சீவி, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை. அதன் மேல்தான் அத்தனை அம்பாரமும்.

"என்னளா இது?"

"ஏப்பம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்பறம் என்ன?"

விட்ட ஏப்பத்தைத் திரும்ப உள்ளே இழுக்க முடியுமா? அதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. அடியில் சிரட்டை இருப்பது தெரியும், தெரிந்தே தின்றேன், தெரிந்தே ஏப்பமும் வந்தது. கண்ணுக்கு ஒரு குவியலைக் காட்டினால் போதும், நம்பிவிடுகிற வயிறு. இந்த முட்டாளுக்காகத்தான் இருபது வருஷமாக உழைத்திருக்கிறேன்.

அரைஞாண் கயிறு மெல்லத் தளர ஆரம்பித்தது. ஒரு விரல் போனது, அப்புறம் ரெண்டு விரல். நான் திருந்திவிட்டேன் என்று ஊர் நம்பியது. ஊரும் என் வயிறு மாதிரிதான். காலையில் பெண்கள் கூட்டமாகப் பின்னால் வருவார்கள். நான் முன்னால் போய் டீக்கடையில் ஒதுங்கி, சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இளைத்த முகத்தோடு கம்பெனிக்குள் நுழைவேன்.

மாசி மாதம் ஒரு நாள். மருந்து செலுத்தும்போது ரூமில் யாரும் பேச மாட்டோம். அந்த அமைதியில் கடகட என்று ஒரு சத்தம். தகரத்தில் கல் உருண்ட மாதிரி. பெரியவருக்கு ஏற்கெனவே ஒரு விபத்தில் புருவம் போயிருந்தது. அவர் பறந்துவிட்டார். பின்னாலேயே மதினி. வாசலில் இருந்த என் மனைவியும் ஒரே தாவலில் வெளியே போனாள்.

நான் அசையவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காராச்சேவும் டீயும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பார்த்தீரா போர்மேனே, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள், உம்ம ஜோசியம் பொய், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி உள்ளே வந்தாள்.

ரெண்டு கையையும் என் அக்குளுக்குள் விட்டு இழுத்தாள். "எந்திரிங்க! எந்திரிங்க!"

"வயிறுளா, வயித்துச் சத்தம்" என்றேன். அவள் காதில் ஏறவில்லை. என்னில் பாதிகூட இல்லாதவள், மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் போர்மேன் நின்றார். ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் ரெண்டு விரலுமாக என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். ஏழு.

மதினிக்கே மனசு இளகிவிட்டது. "பாவம், பசியில கொடலு கத்துது. ஏ பிள்ள, நாளையிலேருந்து ஒரு கரண்டி கூடப் போடு" என்றாள்.

என் மனைவி மூக்கை என் வாய்ப் பக்கம் கொண்டு வந்தாள். "பசியா? பூண்டு வாடை தூக்குது யக்கா. காராச்சேவு."

அன்று சாயங்காலம் அவள் சோற்றுச் சட்டியை ணங்கென்று இறக்கி வைத்தாள். எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் உட்கார்ந்தாள். நான் தண்ணீர்ச் செம்பை எடுக்க எட்டினேன். கை தட்டி அவள் கும்பா சாய்ந்தது. சோறு கொஞ்சம் சிந்தியது. பின்னாலேயே ஒரு சிரட்டை உருண்டு வந்து என் கால்மாட்டில் நின்றது.

"ஒன் கும்பாவுல எதுக்குளா சிரட்ட?"

"தின்னு முடிச்சிட்டு எங் கும்பாவையே பாத்துக்கிட்டு இருப்பீக. அந்தப் பார்வைக்கு முன்னால நான் எப்பிடி அள்ளித் திங்க? கொறச்சுப் போட்டாலும் ஏன்னு கேப்பீக."

"எம்புட்டு நாளா?"

"நீக ஆரம்பிச்ச அன்னையிலேருந்துதான். எனக்கும் ஏப்பம் வந்துச்சு. சும்மா தின்னுங்க."

அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. குறைக்க அவளிடம் என்ன இருந்தது? இவள் இங்கே வெறும் சிரட்டைக்கு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் சுவரைப் பார்த்து நின்று காராச்சேவு தின்றிருக்கிறேன். நாய் என்று என்னைச் சொல்லலாம். ஆனால் நாய், சோறு போட்டவளைப் பார்த்து வாலையாவது ஆட்டும்.

அவள் சிரட்டையை எடுத்து அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. என்னுடையதைப் போடவில்லை. மறுநாளிலிருந்து டீக்கடையைத் தாண்டும்போது பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நடந்தேன். மதினி என் முதுகில் விரலால் குத்திக் குத்தி ஓட்டிக்கொண்டு போனாள். இளைப்பது ஒன்றும் பெரிய தவம் இல்லை. காலையில் எரிச்சல், மத்தியானம் எரிச்சல், சாயங்காலம் யாரையாவது கடிக்கலாம் போல் இருக்கும், அவ்வளவுதான். அரைஞாண் கயிறை ரெண்டு தடவை முடிச்சுப் போட்டுச் சுருக்கினேன்.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம், மருந்து உள்ளே வருமுன், போர்மேன் எங்களைப் பழையபடி உட்கார வைத்தார். வாசலில் நான், உள்ளே அவள். கையைத் தட்டினார்.

"ஒண்ணு" என்றபோது நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டு" என்றபோது வாசலில் வெளிச்சம் என் ரெண்டு பக்கமும் உள்ளே வந்தது. "மூணு" என்றபோது நான் வெளியே மணலில் குப்புறக் கிடந்தேன், அவள் என் முதுகின் மேல் கிடந்தாள்.

போர்மேன் குனிந்து பார்த்தார். "மூணு. மூணேகால்னும் சொல்லலாம். போ, போயி மருந்தை எடு."

மதினி சும்மா இருப்பாளா? "என்ன கொளுந்தனாரே, இனிமே பஸ்ஸுல ஒருத்தரும் மொதலாளின்னு கூப்பிட மாட்டாகளே!" என்றாள். அதற்கு மணலைத் துப்பிக்கொண்டே நான் ஒரு பதில் சொன்னேன் பாருங்கள், அந்தப் போர்மேனே வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நான் என்ன சொன்னேன் என்றால்...

இருங்கள். உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"ஏங்க! சோறு போட்டாச்சு. எம்புட்டு நேரந்தான் கூப்பிட? வாறீகளா, பூனைக்கு வைக்கவா?"

"நெறையாப் போட்டிருக்கியா?"

"அம்பாரமாப் போட்டிருக்கேன். வாங்க."

அம்பாரமாம். கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.