ஜமீன்தாரின் எழுத்து

பேனா கசிந்து விரல் நீலமாகும்போதெல்லாம், எழுபதுகளில் பள்ளிவாசல் என்ற தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் மாரியம்மன் திருவிழா நாடகத்துக்கு வசனம் எழுதிய என் அத்தைதான் நினைவுக்கு வருகிறாள். நடிகர்களுக்கு அவரவர் வசனத்தைத் தனித்தாளில், அந்தப் பாத்திரமே எழுதியதைப்போல எழுதித் தருவாள். ஜமீன்தாருக்கு எழுதும்போது அவள் தாடை இறுகும், எழுத்துகள் கோட்டை மீறி வால் நீட்டிப் பக்கத்து எழுத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், வேலைக்காரியின் எழுத்துகளோ ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

ஜமீன்தாராக நடித்த அய்யாவு மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரும் தாள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள்.

“வசனத்த எம் பொண்டாட்டி வாசிச்சுச் சொல்லிருவா. இந்த ஜமீன்தாரு எப்படி நடப்பாருன்னு எழுத்தப் பாத்தாத்தான தெரியும்,” என்றார்.

நாடகத்தன்று அவர் கைவீசி மேடைக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே மற்ற நடிகர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.