சுவரில் மாட்டிய நாற்காலிகள்

செய்தி வந்தபோது கிள்ளானில் வேலை முடிந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல உட்கார இடம் இல்லை. "செசி போயிட்டாம்மா. மத்தியானத் தூக்கத்திலேயே," என்றார் ரோஸ்லின் அக்கா தொலைபேசியில். பிறகு, "அவ அண்ணன் பிரிக்பீல்ட்ஸ்ல தன் வீட்டுக்குக் கொண்டு போறாராம். இங்க வைக்க வேணாம்னுட்டாரு," என்றார். அந்தக் குரலில் அழுகையைவிட அலுப்புதான் அதிகம் கேட்டது.

எங்கள் நாற்காலித் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் செசிலியா அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திருமணம் செய்துகொள்ளாதவர். அண்ணன் வீட்டுப் பின்னறையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர். ஓய்வு பெற்றதும் ரோஸ்லின் அக்கா, கமலா அக்கா என்ற இரண்டு தோழிகளோடு கிள்ளானில் வாடகை வீடு எடுத்துக்கொண்டார். அந்த வயதில் ஏன் அப்படிச் செய்தார் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதிப் பார்க்கிறேன்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு கண்காட்சிக்காக எங்கள் இருவரையும் அமெரிக்கா அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதலில் விமானம் ஏறியவளும் நான்தான். அங்கே வருகிறவர்களிடம் பேச நான் கூச்சப்பட்டதால் அக்காவே பேசினார். "நாற்காலி விக்க வந்துட்டு நாள் முழுக்க நிக்கிறோம் பாரு," என்று சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

கண்காட்சி முடிந்த மறுநாள், நாட்டுப்புறம் வழியாகப் போகும் ஓர் அழகான சாலையைப் பற்றி யாரோ சொல்ல, வாடகைக்குக் கார் எடுத்துக் கிளம்பினோம்; அக்காதான் ஓட்டினார். கல் அடுக்கிய வேலிகள், சிவந்த மரங்கள், மேயும் குதிரைகள். நம் ஊர்க் காரில் சிக்னல் போடும் பிடி வலக்கைப் பக்கம் இருக்கும், அங்கே இடப்பக்கம்; வலப்பக்கம் இருப்பது வைப்பர். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா வைப்பரைத் தட்டிவிட்டார். நல்ல வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனோம். "மழைன்னு நினைச்சுக்கோ லா," என்றார்.

அந்தச் சாலையில்தான் ஷேக்கர்களின் பழைய குடியிருப்பு இருந்தது. ஷேக்கர்கள் ஒரு கிறிஸ்தவக் குழுவினர். திருமணம் செய்யாமல், ஆணும் பெண்ணும் சகோதர சகோதரிகளாக, எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள். அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை; காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். ஒரு நீண்ட அறையில் சுவர் முழுக்க, துணி மாட்டும் கொக்கிபோல மர முளைகள். அவற்றில் நாற்காலிகள் தலைகீழாகத் தொங்கின. தரையைக் கூட்ட வசதியாக மாட்டுவார்களாம். உட்காரும் இடத்தில் தூசி படியாமலிருக்கத் தலைகீழாக.

"வருபவர்கள் எடுத்து உட்காரலாம்," என்று காவலுக்கு இருந்த அம்மாள் ஒரு நாற்காலியைக் காட்டினார். அக்கா எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அண்ணன் நல்லவருதான்," என்றார் திடீரென்று. "ஆனா அந்த வீட்ல எந்த நாற்காலி என்னோடதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது."

அக்கா தனியே வீடு எடுத்தது அண்ணனுக்குப் புரியவில்லை. தங்கையைத் துரத்திவிட்டான் என்று ஊர் பேசும் என்றார். பல மாதம் பேசாமலும் இருந்தார். கிள்ளான் வீட்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், ஞாயிறு பூசை முடிந்து, கையில் கறிக் குழம்போடு.

கிள்ளான் வீட்டுச் சுவரில் நம் தொழிற்சாலைத் தச்சரைக் கொண்டு முளைகள் அடித்தார். "வர்றவங்க வீடா கடையான்னு கேக்கறாங்கடி," என்று கமலா அக்கா கேலி செய்வார். "உக்காரணும்னா எடு. எழுந்தா மாட்டு. யாரையும் கேக்க வேணாம்," என்பார் செசிலியா அக்கா. அந்த வீட்டில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஜெபம் நடந்தபோது தோழிகள் இருவரும் மாடிப்படி ஓரத்தில், யாரோ தூரத்துச் சொந்தம்போல நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். சடலம் அண்ணன் வீட்டிலிருந்தே கல்லறைக்குப் போனது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அக்காவின் பொருள்களை எடுத்துப்போக அண்ணன் கிள்ளானுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கூடத்தில் நின்று சுவரையே பார்த்தார். "நான் என்ன குறை வச்சேன்?" என்றார்.

"அவ எதுல உக்காருவா?" என்று அவரே பிறகு கேட்டார்.

ரோஸ்லின் அக்கா ஜன்னலோரம் தொங்கியதைக் காட்டினார். அண்ணன் அதை எடுத்து, போட்டு, உட்கார்ந்தார். அவரும் களைத்திருந்தார். அக்கா மாதிரியே கண்ணை மூடினார். எழுந்தபோது நாற்காலியை நேராக மாட்டப் போனார்.

"கவுத்து மாட்டுங்கண்ணே. தூசி படியும்னு சத்தம் போடுவா," என்றார் கமலா அக்கா.

அவர் திருப்பி மாட்டினார். பைபிளை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, எங்கள் முகத்தைப் பார்க்காமல், "முப்பதாம் நாள் ஜெபத்த இங்க வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

ரயிலில் நான் இன்னும் நின்றுகொண்டுதான் வருகிறேன். கால் வலிக்கும்போது, அந்த நீண்ட அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முகத்தைத்தான்.

முப்பதாம் நாளுக்குக் கிள்ளானுக்கு வாருங்கள். நாற்காலிகள் சுவரில் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம்.