சந்திரகலா கரண்டி பிடித்த கதை

கிள்ளானில் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தும் சந்திரகலா ஏழு தைப்பூசமாக உரித்த சின்ன வெங்காயத்தை வரிசையாக வைத்தால், அது கிள்ளானிலிருந்து பத்துமலைக்குப் போய், படியேறி, சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு மூட்டை உரித்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் தொடங்கிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மோர், சாம்பார் சாதம், கேட்டவருக்குத் தண்ணீர். பந்தலில் இரண்டு வேலைகள்தான் பெரியவை. முன்னால் நின்று அப்பாவின் நீளக் கரண்டியால் பரிமாறுவது ஒன்று. பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது மற்றொன்று. கரண்டி பிடித்தவரை ஊரே 'நல்லா இருக்கணும்' என்று வாழ்த்தும், போட்டோ எடுக்கும். வெங்காயம் உரிப்பவரின் கண்ணீரைத் துடைக்கக்கூட ஆள் இருக்காது.

யார் கரண்டி, யார் வெங்காயம் என்பதை அக்காவும் தம்பியும் பொங்கலன்று ஒரு போட்டி வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். தம்பி விமலன் சுங்கை வேயில் இருக்கிறான், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என்ன போட்டி என்று ஒரு மாதம் முன்பே சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். சீட்டு எழுதுகிறவன் யார்? விமலன். ஒரு வருடம் கேரம், ஒரு வருடம் பேட்மிண்டன், ஒரு வருடம் பந்து உருட்டும் போலிங். ஏழு வருடமும் அவனுக்குக் கைவந்த ஆட்டமே சீட்டில் வந்தது. இப்படி ஒரு தம்பியை நான் எங்கும் பார்த்ததில்லை. அதைவிட, ஏழு வருடமாக மற்றச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்காத அக்காவையும் பார்த்ததில்லை.

இந்த வருடம் வந்த சீட்டில் 'கேம்' என்று இருந்தது. "கீரிப்படை ரெண்டு. கடைசி மிஷன். யாரு சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்களுக்குக் கரண்டி" என்றான் விமலன். "அக்கா, பயமா இருந்தா இப்பவே சொல்லிரு, மூட்டையை வீட்டுக்கே அனுப்பிடறேன்."

கீரிப்படை முதலில் சினிமாவாகத்தான் வந்தது. கேப்டன் துறுதுறு என்ற கீரியும் அதன் கூட்டமும் காக்கை ராஜாவைத் துரத்தும் மூன்று படங்கள். முதல் படத்தை வைத்து ஒரு கேம் வந்தது. அது நன்றாக ஓடவே இரண்டாவதும் வந்துவிட்டது, தமிழ்க் குரலோடு. சந்திரகலாவின் மகள் வாணி அதை வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு மாதம் பயிற்சி. புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் சும்மா விட முடியுமா? சந்திரகலா கன்ட்ரோலருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கேம் பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். "அம்மா, இது லோரி இல்ல" என்றாள் வாணி. "லோரியவிட வேகமா ஓடணும்" என்றாள் அம்மா.

கேம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அதில் யாரும் சாவதில்லை. காக்கை ராஜாவின் தவளைச் சிப்பாயை அடித்தால் அவன் சோப்புக் குமிழியாகிச் சிரித்துக்கொண்டே மேலே போய்விடுவான். "நல்ல மனுசங்க செஞ்ச கேம்" என்று அவள் சான்றிதழ் கொடுத்தாள். சிப்பாய்கள் கூட்டமாக வந்தாலும் அவள் அசரவில்லை. இருபது நிமிட இடைவேளையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் போட்டு, எவன் வரிசையில் புகுந்தான், எவள் கரண்டியை ஒளித்துவைத்தாள் என்று பார்க்கிற கண்ணுக்கு நாற்பது தவளை ஒரு பொருட்டா?

ஒரே ஒரு சிக்கல்தான். மிஷன் தொடங்கும்போது கேப்டன் தன் வீட்டு வாசலைத் தாண்டுவார். உடனே கிணற்றடியில் படுத்திருக்கும் கிழட்டு ஆமை தலையைத் தூக்கி, "எங்கே புறப்பட்டாய், கேப்டன்?" என்று கேட்கும். கேட்டுவிட்டுத் தூங்கிவிடும். உலகத்தில் எல்லாரும் அதைக் காதில் வாங்காமல் ஓடிவிடுவார்கள். சந்திரகலாவால் முடியுமா? வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து 'எங்க போற' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. கேட்டுவிட்டார்களா, திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்து, அவள் ஐம்பத்தைந்து வருடமாகக் கடைப்பிடிப்பது.

ஆகவே கேப்டன் துறுதுறு தினமும் திரும்பி வந்தார். கிணற்றடித் திண்டில் உட்கார்ந்தார். அழகுக்காக வைத்திருந்த செம்பில் தண்ணீர் குடித்தார். பிறகுதான் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்.

"அம்மா, ஒவ்வொரு தடவையும் நாப்பது செகண்ட் வேஸ்ட்" என்று வாணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாப்பது செகண்ட் போனா போகட்டும். கெட்ட சகுனத்துல ஒரு கீரிய அனுப்பச் சொல்றியா?"

பொங்கலன்று சுங்கை வேயில் விமலன் வீட்டு ஹாலில் போட்டி. வாணி கையில் ஸ்டாப்வாட்ச். சந்திரகலாவின் கணவர் பக்கிரிசாமி கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவார். பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தார்.

முதலில் விமலன் ஆடினான். ஆமை கேட்டது, அவன் கண்டுகொள்ளவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விமலனும் அதே அம்மாவின் பிள்ளைதான். வேலைக்குக் கிளம்பும்போது யாராவது கேட்டுவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மோட்டாரை எடுப்பான். கீரிக்கு அதெல்லாம் கிடையாது என்பது அவன் கட்சி. காடு, ஆறு, பாலம் எல்லாம் தாண்டி, காக்கை ராஜாவைக் குமிழியாக்கிவிட்டு எழுந்தான். முப்பத்தொரு நிமிடம்.

வீட்டில் சந்திரகலா முப்பத்து நான்குக்குக் கீழே இறங்கியதே இல்லை. எட்டாவது வருடமும் மூட்டைதான் என்று நினைத்தபோது, வெங்காயம் இல்லாமலேயே கண் எரிந்தது. ஆயிரம் பேருக்கு வேண்டாம், ஒரு நூறு பேருக்காவது தன் கையால் சோறு போட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

கேப்டன் வாசலைத் தாண்டினார். ஆமை கேட்டது. கேப்டன் திரும்பி வந்தார், உட்கார்ந்தார், குடித்தார்.

விமலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேப்டன் இரண்டாம் முறை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "கேப்டன், எங்க போறீங்க லா?" என்றான். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டு கேப்டனைத் திருப்பினாள். திண்டு. செம்பு. தண்ணீர்.

"அம்மா, ஒன்றர நிமிசம் போயிருச்சு" என்றாள் வாணி. அவளுக்கே குரல் உடைந்துவிட்டது.

சந்திரகலா பதற்றத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றபடியே கேப்டனை ஓட்டினாள். கேப்டனின் கால் வாசலுக்கு வெளியே பட்டதும், சோபாவில் பக்கிரிசாமி ஒரு கண்ணைத் திறந்தார். "எங்க போற சந்திரா?" என்று கேட்டுவிட்டு, ஆமையைப் போலவே மறுபடி தூங்கிவிட்டார்.

கேட்டது அவளையா, கேப்டனையா? யாரைக் கேட்டால் என்ன, கேட்டது கேட்டதுதான். விமலன் தரையில் உருண்டு சிரித்தான். சந்திரகலா உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைத் தானும் ஒரு வாய் குடித்தாள், கேப்டனுக்கும் மூன்றாம் முறையாகக் கொடுத்தாள்.

செம்பு பொன்னிறமாக மின்னியது. ஆமை எழுந்து நின்று, "மூன்று முறை பொறுத்தவரே, உமக்கு நேர்வழி" என்றது. கிணறு இரண்டாகப் பிளந்தது. கேப்டன் துறுதுறு அதற்குள் விழுந்து, சறுக்கு மரத்தில் போகிற பிள்ளையைப் போல வழுக்கிக்கொண்டே போய், காடும் ஆறும் பாலமும் இல்லாமல், நேராகக் காக்கை ராஜாவின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்.

காக்கை ராஜா அறுபது தவளைகளை ஏவினான். சந்திரகலாவுக்கு அது இடைவேளை மணி அடித்த மாதிரி. "வரிசையா வாங்கடா" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகக் குமிழியாக்கினாள். கடைசியில் ராஜாவும் சிரித்துக்கொண்டே கூரையைத் தாண்டிப் போய்விட்டான்.

"பதினொரு நிமிசம்" என்றாள் வாணி.

"இது கள்ளாட்டம்" என்றான் விமலன்.

"கேம்லயே இருக்கு மாமா. ரெண்டாவது தண்ணியக் குடிக்க வச்சதே நீங்கதான்."

விமலன் பக்கிரிசாமியைப் பார்த்தான். "மச்சான், நீங்களாவது..." பக்கிரிசாமி குறட்டை விட்டார்.

தைப்பூசத்தன்று காலை சந்திரகலா மஞ்சள் புடவையும் மல்லிகைப் பூவுமாக அப்பாவின் கரண்டியோடு முன்னால் நின்றாள். பால்குடம் இறக்கிவைத்துவிட்டு வந்த ஒரு பெண் முதல் தட்டை நீட்டி, "நல்லா இருங்க அக்கா" என்றாள். ஏழு வருடம் வெங்காயத்துக்கு அழுதவள், அன்று சந்தோஷத்துக்கு அழுதாள்.

பின்னால் விமலன் இரண்டு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மெதுவாக எழுந்து நழுவப் பார்த்தான். சந்திரகலா திரும்பவே இல்லை. சோறு போட்டுக்கொண்டே, "தம்பி, எங்க போற?" என்றாள்.

விமலனின் கால் அப்படியே நின்றது. அவனும் அதே அம்மாவின் பிள்ளைதான் என்று சொன்னேன் அல்லவா? திரும்பி வந்தான். உட்கார்ந்தான். அங்கே உட்கார இருந்த ஒரே முக்காலி வெங்காய மூட்டைக்கு முன்னால் இருந்தது. தண்ணீர் குடித்தான். தண்ணீருக்கு என்ன பஞ்சம், அது தண்ணீர்ப் பந்தல். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று நாலு வெங்காயம் உரித்தான். மறுபடி எழுந்தான். மறுபடி கேட்டாள்.

பகலுக்குள் ஒன்றரை மூட்டை முடிந்திருந்தது. ஏழு கிளாஸ் தண்ணீரும் உள்ளே போயிருந்தது. எட்டாம் முறை எழுந்த விமலன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று, வெங்காயம் கையோடு அக்காவைக் கும்பிட்டான். "அக்கா, இந்தத் தடவ நெஜமாவே அவசரம். ஒண்ணும் கேக்காத."

சந்திரகலா கரண்டியைச் சாம்பாரில் விட்டு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏழு வருடத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

"எங்கடா போற?" என்றாள். "வாணி, மாமாவுக்குத் தண்ணி குடு."